மூக்குக்குப் பின்னால வர்ற கேன்சர்: கரண்டு (ரேடியேஷன்) வைக்க எங்க போறது, எதைத் தேர்ந்தெடுக்கிறது

போன வாரம் அருமனைலேர்ந்து ஒரு அக்கா போன் பண்ணினாவ. தம்பிக்கு பயாப்சி ரிசல்ட் வந்திருக்கு, நேசோஃபாரிங்ஸ் கேன்சர்னு போட்டிருக்கு, வீட்ல ஆளுக்கொண்ணு சொல்லுதாவ, ஒருத்தர் திருவந்திரம்ங்கார், ஒருத்தர் சென்னைங்கார், மச்சினன் ஒருத்தர் வர்ம வைத்திய ஆசான்கிட்ட காட்டிட்டு பொறவு பாப்போம்ங்கார், நீங்க உங்க மாமாவ கொண்டுபோனியள்ளா, என்ன செஞ்சியனு கேட்டாவ. போன்ல பாதி சொன்னேன், பாதி விட்டுப்போச்சு. அந்த அக்காவுக்கும் இதே மாதிரி முழிச்சிட்டு நிக்கிற மத்தவங்களுக்கும் சேத்து இங்க முழுசா எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, அம்மாவோட தம்பிய பத்து மாசம் கூட்டிக்கிட்டு அலைஞ்சவன், அந்த பத்து மாசத்துல கேட்டதும் படிச்சதும்தான் இது.

மாமா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போறவர். அப்போ வயசு 47. மொதல்ல வலது காது அடைச்ச மாதிரி இருக்குன்னார், தண்ணிக்குள்ள முங்கி இருக்கிற மாதிரி. காதுல சொட்டு மருந்து குடுத்தாங்க, சளி மாத்திர குடுத்தாங்க, இப்படியே நாலு மாசம். அதுக்கு இடையில விடியக்காலம் வெட்டுக்குப் போறதுக்கு முன்ன வாய் கொப்புளிச்சு துப்பும்போது சளில இளஞ்சிவப்பா நூல் மாதிரி ரத்தம் வந்திருக்கு, பல் ஈறுல இருந்து வருதுனு அவரே நெனச்சுக்கிட்டார், யார்ட்டயும் சொல்லல. கடைசில காதுக்குக் கீழ கழுத்துல புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி. வலி கெடையாது, அமுக்கினாலும் வலிக்கல, வலிக்கலங்கிறதாலயே இன்னும் ஒரு மாசம் போச்சு. இப்ப நெனச்சாலும் மனசு கெடந்து அடிக்கும்.

இது எந்த எடம்னா, மூக்கு துவாரம் ரெண்டும் பின்னால போய் தொண்டையோட சேருதுல்லா, உள்நாக்குக்கு மேல, மண்டையோட்டு அடிப்பாகத்துக்குக் கீழ, அந்த சின்ன அறை. காதுலேர்ந்து வர்ற குழாயும் அங்கதான் வந்து திறக்கும், கட்டி அந்த வாசல அடைச்சா காது ஜவ்வுக்குப் பின்னால நீர் கட்டிக்கும், அதான் ஒரு பக்கத்துக் காது மட்டும் மந்தம். வாயத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தா தெரியாது, மூக்கு வழியா கேமரா விட்டாத்தான் தெரியும். பெரியவங்களுக்கு ஒரு காதுல மட்டும் நீர் கட்டி மாசக்கணக்குல போகலன்னா மூக்குக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும், இத நீங்களே வாய் விட்டுக் கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. மத்த அறிகுறி: ஒரு பக்கம் மூக்கடைப்பு, மூக்குல ரத்தம், காதுல இரைச்சல், விடாத தலைவலி, ஒண்ணு ரெண்டாத் தெரியறது, கன்னத்துல மரமரப்பு. கடைசி ரெண்டும் நரம்பு வர போயிட்டதுக்கு அடையாளம், அப்போ ஒரு நாள் கூட தள்ளக் கூடாது. நெறைய பேருக்கு மொதல்ல கண்ணுல படுறது கழுத்துக் கட்டிதான்.

யாருக்கு வருதுன்னா, உலகத்துல 2020ல சுமார் 1,33,000 பேருக்கு புதுசா வந்திருக்கு, அதுல பெரும்பகுதி தெற்கு சீனாவும் தென்கிழக்கு ஆசியாவும். நம்ம நாட்டுல நாகாலாந்து, மணிப்பூர் பக்கம் கூடுதல், நம்ம ஊருல அபூர்வம். அபூர்வம்ங்கிறதாலதான் காது மூக்கு தொண்டை டாக்டர் பக்கத்துல போறதுக்கே நாள் ஆகுது. பெண்களை விட ஆண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு, வயசு பெரும்பாலும் நாப்பதுக்கு மேல, ஆனா அபூர்வமா வர்ற ஊர்கள்ல பதின்ம வயசுப் பிள்ளைகளுக்கும் வரும், அதனால சின்னப் பையன்தானேனு கழுத்துக் கட்டிய விட்டுறாதீங்க. எப்ஸ்டீன் பார்னு ஒரு வைரஸுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. இதக் கேட்டதும் எங்க வீட்ல மாமா தட்டு டம்ளரத் தனியா எடுத்து வச்சிட்டாவ, அவர் முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. அந்த வைரஸ் உலகத்துல பத்துல ஒம்பது பெரியவங்க ஒடம்புல சின்ன வயசுலயே வந்து சும்மா கெடக்குறது, கேன்சர் ஒட்டாது, தட்டைப் பிரிக்காதீங்க.

கருவாடும் கேப்பாங்க, கேக்காம விட மாட்டாங்க, நாம கருவாட்டு ஊர்க்காரங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 1993ல உப்பு மீனக் காரணம்னு சொன்னது உண்மைதான், ஆனா அது சீன முறைல போடுற உப்பு மீனு, குறைஞ்ச உப்புல பாதி அழுக விட்டு செய்யுறது, அதை பால் மறக்குற வயசுலயே பிள்ளைகளுக்கு ஊட்டுறாங்க. மத்த உப்பு மீனுக்கு அப்படி ஒரு தீர்ப்பு சொல்ல ஆதாரம் போதாதுனு அதே அமைப்பு தனியா எழுதி வச்சிருக்கு. கொளச்சல் நெத்திலி தின்னதாலதான் வந்துச்சுனு நோயாளிய குத்திக் காட்டாதீங்க. பீடி சிகரெட் வேற கதை, அது ஆபத்தைக் கூட்டும், அத நிறுத்தியே ஆகணும், கரண்டு வைக்கும்போது பிடிச்சா அந்த வைத்தியம் வேலை செய்றதும் கொறையும்.

சரி, தேர்ந்தெடுக்க வேண்டியது என்னென்னனு வருவோம்.

மொத கேள்வி ஆசானா ஆஸ்பத்திரியா. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல வர்மம் தெரிஞ்ச ஆசான்மார் மேல எனக்கு மரியாத உண்டு, எங்க தாத்தாவோட சுளுக்கு, தோள்பட்டை எல்லாம் அங்கதான் சரியாச்சு. ஆனா கழுத்துல வலியில்லாத கட்டிக்கு எண்ணெய் போட்டுத் தடவுறது, பத்து போடுறது வேண்டவே வேண்டாம். தடவினா ஒரு நன்மையும் இல்ல, நாளு மட்டும் போகும். விவரம் தெரிஞ்ச ஆசானே ஆஸ்பத்திரிக்குப் போனு சொல்லிடுவார், மாமாவுக்கு அப்படித்தான் சொன்னார், அந்த மனுஷன் நல்லாருக்கணும்.

ரெண்டாவது, வெட்டி எடுத்துடலாமேனு எல்லாரும் கேப்பாங்க. கட்டின்னா அறுக்கணும்னு நம்ம மனசுல ஒரு கணக்கு இருக்கு. இந்த எடத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. சுத்தி மூளைக்குப் போற ரத்தக் குழா, நரம்பு, மண்டையோட்டு அடி, கத்தி போக எடம் கெடையாது, அதோட இந்த வகைக் கேன்சர் கரண்டுக்கு நல்லாக் கேக்கும். அதனால மொத வைத்தியம் ரேடியேஷன்தான், ஆபரேஷன் எல்லாம் திரும்ப வந்தா, அதுவும் ஒதுங்கின சின்னக் கட்டியா இருந்தா யோசிக்கிறது. கழுத்துக் கட்டிய மொதல்லயே முழுசா அறுத்து டெஸ்டுக்கு அனுப்புறதும் நல்லதில்ல, ஊசி குத்தி எடுக்கிற டெஸ்டும், மூக்கு வழியா எடுக்கிற பயாப்சியும் போதும். இதுக்கு சென்னைக்கெல்லாம் போக வேண்டாம், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்லயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு, நாகர்கோவில் மார்த்தாண்டம் தனியார்லயும் கேமரா உண்டு. கண்டுபிடிக்கிறது பக்கத்துல, வைத்தியம் தோதான எடத்துல, இப்படிப் பிரிச்சுக்கிட்டா ரெண்டு மூணு வாரம் மிச்சம்.

இப்போ பெரிய கேள்வி, எங்க. இதச் சொல்றதுக்கு முன்ன கரண்டு வைக்கிறதுன்னா என்னனு தெரியணும், தெரிஞ்சா எங்கங்கிறது பாதி தானா முடிவாயிடும். மொத்தம் 70 கிரே (கதிர அளக்குற அலகு) அளவு, அத 33லேர்ந்து 35 தடவையாப் பிரிச்சு, வாரம் அஞ்சு நாள், ஏறக்கொறய ஏழு வாரம். ஒவ்வொரு தடவையும் மெஷின்ல கெடக்கிறது பத்து இருவது நிமிஷம்தான், ஆனா தெனமும் போகணும், நடுவுல விடக் கூடாது. தலை கழுத்துக் கேன்சர்ல ஒரு நாள் தவறினா கட்டுப்படுத்துற வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் கொறையும்னு கணக்குப் போட்டிருக்காங்க, ஒரு வாரம் தவறிப்போச்சுன்னா என்ன ஆகும்னு நீங்களே பாருங்க. அதனால என்னைக் கேட்டா ஆஸ்பத்திரி பேரு ரெண்டாவதுதான். ஏழு வாரம் அந்த மனுஷன் வாய் புண்ணாகி, கஞ்சி எறங்காம, தளந்து போன ஒடம்போட தெனமும் அங்க போய்ச் சேர முடியுமா, அதுதான் மொதக் கேள்வி.

பக்கத்துலன்னா நாகர்கோவில், நெய்யூர். எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் 1920கள்ல வந்து ஆபரேஷன் பண்ணின ஊரு நெய்யூர், நம்ம பாட்டிமார் இன்னும் அந்தப் பேரைச் சொல்லுவாவ. வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை, கூடப் போறவங்களும் வேலைய விட வேண்டாம். ஆனா பக்கத்துல போறதா இருந்தா ஒரு கேள்வியக் கேட்டே தீரணும், என்ன மெஷின், ஐ.எம்.ஆர்.டி. உண்டா. பழைய முறைல கரண்டு ரெண்டு பக்கமும் நேரா அடிக்கும், எச்சில் சுரப்பியும் சேந்து வேகும். ஐ.எம்.ஆர்.டி.ல கட்டியோட வடிவத்துக்குத் தக்கன கதிர வளைச்சு, எச்சில் சுரப்பி, மூளைத்தண்டு, கண் நரம்பு இதையெல்லாம் முடிஞ்ச வர ஒதுக்கி அடிப்பாங்க. மத்த கேன்சர்ல இது இருந்தா நல்லதுங்கிற மாதிரி, இந்தக் கேன்சர்ல இது இருந்தே ஆகணும்னு நான் சொல்லுவேன். எச்சில் போனா வாழ்க்கையே போன மாதிரி. மாமாவுக்கு ஐ.எம்.ஆர்.டி. வச்சும் இன்னைக்கும் மடில ஒரு தண்ணி பாட்டில் உண்டு, ஒரு வாய் மரச்சீனி, ஒரு மொடக்கு தண்ணி, அடுத்த வாய், அடுத்த மொடக்கு. பழைய முறைல வச்ச ஒருத்தர் பக்கத்து வார்டுல ரெண்டாந்தடவை வந்திருந்தார், அவருக்கு பல் முழுக்க கொட்டிப் போச்சு, பேசும்போது நாக்கு அண்ணத்துல ஒட்டுற சத்தம் கேக்கும்.

திருவந்திரம் ஆர்.சி.சி. (ரீஜனல் கேன்சர் சென்டர்) 1981ல ஆரம்பிச்சது, மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள்ளயே இருக்கு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆளுகளுக்கு இது சொந்த ஊர் மாதிரி, மலையாளம் கேட்டாப் புரியும், நாகர்கோவில்லேர்ந்தே எழுவது கிலோமீட்டருக்குள்ளதான், குழித்துறை பாறசாலை வழியா ரயிலும் இருக்கு. தலை கழுத்துக் கேன்சர் அங்க வந்து குவியும், அதனால கை பழகின டாக்டர்மார். கொறைன்னா கூட்டம், பெரிய சென்டர் எதுலயும் உள்ளதுதான், தேதிக்குக் காத்துக் கெடக்கணும். இன்னொண்ணு, நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வர உள்ளது, அது களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போனா எடுபடுமானு கெளம்புறதுக்கு முன்னயே கேட்டு உறுதி பண்ணிக்கிடுங்க. அட்டை கையில இருக்குனு நம்பிப் போய் அங்க நின்னு பணத்துக்கு ஓடுறவங்களை நான் பாத்திருக்கேன். நாங்க போனது திருவந்திரம் பக்கம்தான், ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து மாமாவும் அத்தையும் தங்கினாங்க, சனி ஞாயிறு ஊருக்கு வருவாங்க.

சென்னைன்னா அடையாறு, 1954ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச கேன்சர் இன்ஸ்டிடியூட். அனுபவத்துக்கு அங்க ஒரு கொறையும் இல்ல, காப்பீட்டு அட்டையும் நம்ம மாநிலத்துக்குள்ள. ஆனா 700 கிலோமீட்டர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல ஒரு ராத்திரி முழுக்க, ஏழு வாரத்துல நடுவுல ஊருக்கு வர்றது நடக்காது, ரூம் வாடகை, கூட ஆளு, பிள்ளைகளை யார் பாக்குறது, இதெல்லாம் சேத்துக் கணக்குப் போடுங்க. அங்க சொந்தக்காரங்க வீடு இருந்தா தாராளமாப் போகலாம். மதுரை நடுவுல, 240 கிலோமீட்டர், அட்டையும் செல்லும், ஆனா தெனம் போய் வர முடியாத தூரம்தான், தங்கினாத்தான் ஆகும். சென்னைல புரோட்டான் தெரபியும் (இன்னொரு வகைக் கதிர் வைத்தியம்) 2019லேர்ந்து இருக்கு, சுத்தியுள்ள உறுப்புகளைக் காப்பாத்துறதுல நல்லதுதான், ஆனா பல லட்சம் ஆகும். இருக்கிற வயலை வித்து அதுக்குப் போகணுமானு கேட்டா, மொத தடவை வந்த கேஸுக்கு நல்ல ஐ.எம்.ஆர்.டி. போதும்னுதான் என் அபிப்பிராயம். சின்னப் பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே கரண்டு வச்ச எடத்துல திரும்ப வைக்க வேண்டியவங்களுக்கும் மட்டும் டாக்டர்கிட்ட அதைப் பத்தி விலாவாரியாப் பேசுங்க.

ரயில்ல போறவங்க ஒண்ணு கேட்டுக்கிடுங்க, கேன்சர் நோயாளிக்கு வைத்தியத்துக்குப் போக வர ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏ.சி.லயும் முழு டிக்கெட்டும் தள்ளுபடி, கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரில அதுக்கான படிவத்துல கையெழுத்து வாங்கி டிக்கெட் கவுண்டர்ல குடுக்கணும். எங்களுக்கு இது நாலாவது வாரந்தான் தெரிஞ்சுது.

அடுத்தது கீமோ. கரண்டு மட்டுமா, கூட கீமோவா, இல்ல மொதல்ல கீமோ பொறவு கரண்டா. இது நாம முடிவு பண்றதில்ல, ஸ்டேஜ்தான் முடிவு பண்ணும், ஆனா ஏன்னு தெரிஞ்சா பயம் கொறையும். மொத ஸ்டேஜுக்கு கரண்டு மட்டும் போதும், பத்துல ஒம்பது பேர் அளவுக்கு நல்லா வந்துடுவாங்க. முத்தினதுக்கு கரண்டோட சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்தும் சேத்துக் குடுப்பாங்க. 1998ல அமெரிக்கால வந்த ஆய்வுல கரண்டு மட்டும் வச்சவங்கள்ல மூணு வருஷம் கழிச்சு 47 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, கீமோவும் சேந்தவங்கள்ல 78 சதவீதம். 2019ல சீனாவுல, மொதல்ல ஜெம்சிட்டபினும் சிஸ்பிளாட்டினும் மூணு சுத்து குடுத்துட்டு பொறவு கரண்டும் கீமோவும் வச்சாங்க, மூணு வருஷத்துல திரும்ப வராம இருந்தவங்க 76லேர்ந்து 85 சதவீதமா ஏறிச்சு. மாமாவுக்கு கழுத்து ரெண்டு பக்கமும் நெரி கட்டி இருந்ததால இந்த வழிதான் சொன்னாங்க. ரெண்டாம் ஸ்டேஜ்லயும், ஆபத்து கொறஞ்ச மூணாம் ஸ்டேஜ்லயும் ஐ.எம்.ஆர்.டி. மட்டுமே போதுமானு 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு, போதும்ங்கிற மாதிரிதான் முடிவு, அப்படிப்பட்ட கேஸா இருந்தா கீமோ கட்டாயமானு டாக்டர்கிட்ட பதவிசாக் கேக்கலாம், கோவிச்சுக்க மாட்டாங்க. சிஸ்பிளாட்டின் கிட்னியையும் காதையும் பாதிக்கும், ஏற்கெனவே காது மந்தமா இருக்கிற ஆளுக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்ன கேக்குற திறன் டெஸ்ட் எடுத்து வச்சிடுங்க.

கரண்டு தொடங்குறதுக்கு முன்ன பல் டாக்டர். இத ரொம்ப பேர் விட்டுடுறாங்க, விடவே கூடாது. ஆடுற பல்லு, சொத்தைப் பல்லு இருந்தா முன்னாலயே எடுத்து புண் ஆற ரெண்டு வாரம் விடணும், கரண்டு வச்ச பொறவு பல் பிடுங்கினா தாடை எலும்பு ஆறாம செத்துப்போக வாய்ப்பிருக்கு. மாமாவுக்கு மூணு பல் எடுத்தாங்க. அப்புறம் மாஸ்க்கு, வெந்நீர்ல எளக்கின பிளாஸ்டிக் வலைய முகத்துல போட்டு அமுக்கி அச்சு எடுப்பாங்க, தெனமும் அத மாட்டி மேசையோட பூட்டித்தான் கரண்டு, தலை அசையக் கூடாதுல்லா. வெளில வரும்போது அவர் நெத்தில, கன்னத்துல எல்லாம் அந்த வலை அச்சு கட்டம் கட்டமா பதிஞ்சிருக்கும், ஊருக்கு வந்த சனிக்கிழமைகள்ல பேத்தி அத விரலால தடவித் தடவிப் பாப்பா.

மூணாவது வாரத்துலேர்ந்து வாய்ப்புண். தொண்டை எரியும், ருசி போயிடும், அத்தை தேங்காப்பால் விட்டு கஞ்சிய அரைச்சு அரைச்சுக் குடுத்தாவ, காரம் ஒரு துளி கூடாது. பத்து கிலோ எறங்கிட்டார். மூக்கு வழியா டியூப் போடலாமானு டாக்டர் கேட்டப்போ வேண்டவே வேண்டாம்னு அழுதார், அஞ்சாவது வாரம் ஒரு நாள் மயங்கி விழுந்த பொறவு போட்டோம். இதுல என் தப்பு உண்டு, ரெண்டு வாரம் முன்னாலயே ஒத்துக்கிட்டிருந்தா அவ்வளவு தளந்திருக்க மாட்டார். டியூபுன்னா கடைசிக் கட்டம்னு நெனைக்காதீங்க, அது கரண்டை நிறுத்தாம ஓட்டுறதுக்கான வழி. கரண்டு முடிஞ்சு ஒரு மாசத்துல கழட்டிட்டாங்க.

அருமனை அக்காவுக்கு நேரா சொல்றதுன்னா, தம்பி ஸ்கேன் வரட்டும், எம்.ஆர்.ஐ. கட்டாயம், பெட் ஸ்கேன் சொன்னா அதையும் எடுங்க, ஸ்டேஜ் தெரியாம எந்த ஆஸ்பத்திரிக்கும் ரூம் பாக்காதீங்க. உங்க வீடு இருக்கிற எடத்துக்கு திருவந்திரம்தான் தோது, காப்பீட்டு அட்டை இல்லாம முடியவே முடியாதுன்னா மதுரையோ சென்னையோ போங்க, நாகர்கோவில் பக்கம் ஐ.எம்.ஆர்.டி. உண்டுனு எழுத்துல சொன்னாங்கன்னா அங்கயே வைக்கலாம், கொறச்சலா நெனைக்க வேண்டாம். ஒரு எடத்துல தொடங்கிட்டு பாதில இன்னொரு எடத்துக்கு மாறுறது மட்டும் வேண்டாம்.

முடிஞ்ச பொறவு வேலை இருக்கு. மொத ரெண்டு வருஷம் ரெண்டு மூணு மாசத்துக்கொருக்கா கேமரா விட்டுப் பாக்கணும், ஆறு மாசத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ ஒருக்கா தைராய்டு டெஸ்ட், ஏன்னா கழுத்துல வச்ச கரண்டு அதையும் தளத்திடும், மாமாவுக்கு ரெண்டாவது வருஷம் தைராய்டு மாத்திர ஆரம்பிச்சாச்சு. வாய் தொறக்குற பயிற்சி தெனமும் செய்யணும், இல்லன்னா தாடை இறுகி ரெண்டு விரல் கூட நுழையாது, அவர் காலம்பற கண்ணாடி முன்ன நின்னு மூணு விரல உள்ள விட்டு அளந்து பாப்பார். பால்வெட்டுக்கு இப்போ முன்ன மாதிரி முந்நூறு மரம் எல்லாம் முடியாது, நூறு மரத்தோட நிறுத்திக்கிடுறார். வலது காது இன்னும் கொஞ்சம் மந்தம்தான், போன் வந்தா எடது பக்கம் வச்சுப் பேசுவார். அக்கா, தம்பிக்கு அவர்கிட்டயே பேசணும்னு தோணினா சொல்லுங்க, நம்பர் தாறேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சும்மாதான் இருப்பார்.